கேஓஹெச்சில் ஒன்றுமில்லை, கல்ச்சரும் வரவில்லை: பூஞ்சைப் பரிசோதனையில் பிழை தேடும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து மருத்துவமனை ஆய்வகங்களுக்கு வரும் பூஞ்சை மாதிரிகளில் ஒரு பருவக் கணக்கு உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடியும்போது நெல் சுணையோ வைக்கோல் துரும்போ பட்ட கண்ணோடு வருவார்கள். நடவுக் காலத்தில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். ஐப்பசி அடைமழையில் நோயாளியைவிட ஆய்வகச் சுவரில்தான் பூஞ்சை அதிகம். பிளேட்டைத் திறந்தால் பச்சையும் கறுப்புமாக நிற்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களின் மூக்குச் சதை மட்டும் பருவம் பார்க்காமல் வரும்.

மால்டி-டாஃப், பிசிஆர் போன்று இனம் காட்டும் நவீனக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு மைக்ரோஸ்கோப், ஓர் ஆட்டோகிளேவ், ஓர் இன்குபேட்டரை வைத்து வேலை பார்க்கும் இடங்களுக்கானது இது. மேசையில் என்ன தெரிகிறதோ அங்கிருந்து பின்னோக்கிப் போய்க் காரணத்தைப் பிடிக்க வேண்டும். தவறான ‘இல்லை’ பெரும்பாலும் கல்ச்சரில் (ஆய்வக வளர்ப்பில்) பிறப்பதில்லை. மாதிரியைச் சுரண்டிய இடத்திலும், அது வந்த டப்பாவிலும், வாங்கி வைத்த வளர்ப்பு மீடியம் பாட்டிலின் லேபிளிலும்தான் பிறக்கிறது.

கேஓஹெச்சில் எதுவும் தெரியவில்லை. டாக்டரோ பூஞ்சைதான் என்கிறார்

முதலில் கேஓஹெச் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். கேஓஹெச், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோல் செல்களைக் கரைத்துப் பூஞ்சை இழையைக் காட்டும் கரைசல்; அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட்டாக மாறிவிடும், வீரியம் குறையும். கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் கண்ணாடியையே அரித்து மூடியையும் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பாட்டில், இறுக்கமான மூடி, மேலே தயாரித்த தேதி: மூன்றும் வேண்டும். 10 கிராம் கேஓஹெச்சை 80 மில்லி வடிநீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். நன்றாகச் சூடேறும் என்பதால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறியபின் 10 மில்லி கிளிசரால் விட்டு, வடிநீரால் 100 மில்லியாக்கினால் 10% கரைசல் தயார். கிளிசரால் இருந்தால் ஸ்லைடு சீக்கிரம் காயாது, படிகமும் விழாது. தோலுக்கு இது போதும். முடிக்கு 20%, நகத்துக்கு 20 முதல் 40% வரை.

கரைசல் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே பாசிட்டிவ் ஆன படர்தாமரைச் செதிலைக் காகிதப் பொட்டலத்தில் உலர்வாக வைத்திருந்தால் மாதக் கணக்கில் இழை அப்படியே இருக்கும். புதுக் கரைசல் போடும் நாளில் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

கரைசல் சரி என்றால் அடுத்தது மாதிரி. படர்தாமரையின் நடுப்பகுதி ஆறிக்கொண்டிருக்கும். பூஞ்சை இருப்பது சிவந்து மேடிட்ட ஓரத்தில். 70% ஆல்கஹாலால் துடைத்துக் களிம்பை நீக்கிவிட்டு, மழுங்கிய ஸ்கால்பெல்லால் ஓரத்தைச் சுரண்டிக் காகிதத்தில் கொட்டுங்கள். மூடிய பிளாஸ்டிக் ட்யூபில் போட்டால் ஈரம் தங்கி பாக்டீரியா ஏறும். நகச்சொத்தைக்கு வெட்டிய நுனி உதவாது. நகத்துக்கு அடியில், நோயாளி தாங்கும் அளவுக்கு உள்ளே போய் எடுத்த பொடிதான் மாதிரி.

களிம்பு விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. பூஞ்சைக்கொல்லிக் களிம்பு போட்டிருந்தால் இழை குறைந்துவிடும். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்வது நல்லது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டுக் களிம்பை மட்டும் போட்டவருக்கு நேரெதிர். ஓரம் மங்கிப் படர்தாமரை என்றே தெரியாது, ஆனால் ஸ்லைடில் இழை கொட்டிக் கிடக்கும். ‘பார்த்தால் அப்படித் தெரியவில்லையே’ என்று அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மூன்றாவது, பார்க்கும் விதம். தோல் 10 முதல் 20 நிமிடம் ஊற வேண்டும். நகத்தைச் சிறு ட்யூபில் கேஓஹெச்சோடு இரவு முழுக்க வைக்க வேண்டும். அவசரத்துக்கு லேசாகச் சூடு காட்டலாம். கொதித்தால் படிகம்தான் மிஞ்சும். பிறகு வெளிச்சம். சாயம் போடாத இழை பிரகாசத்தில் காணாமல் போகும். கண்டென்சரை இறக்கி ஐரிஸை மூடி, 10எக்ஸில் கவர்ஸ்லிப் முழுவதையும் மேய்ந்த பிறகு 40எக்ஸுக்குப் போங்கள்.

பூஞ்சையை ஒளிரச் செய்யும் கால்கோஃப்ளூவர் ஒயிட் சாயம் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: காசநோய்ச் சளிக்காக வந்த எல்இடி ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் நீல ஒளிதான் வரும். கால்கோஃப்ளூவருக்குப் புற ஊதா அல்லது ஊதா ஒளி தேவை. சாயத்தைக் குறை சொல்லும் முன் பல்பைப் பாருங்கள்.

சேற்றுப்புண் எல்லாம் பூஞ்சை என்று நினைக்க வேண்டாம். கேஓஹெச்சில் ஒன்றுமில்லை என்றால் அதே இடத்திலிருந்து ஒரு கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவைக் காட்டும் சாயம்) போட்டுவிடுங்கள். பாக்டீரியாவாகவும் இருக்கும், கேண்டிடா எனும் ஈஸ்ட்டாகவும் இருக்கும். தேமலுக்கு செல்லோடேப் ஒட்டி எடுத்த செதிலே போதும். குட்டை இழையும் உருண்டை ஈஸ்ட்டும் சேர்ந்து சேமியா ஜவ்வரிசிப் பாயசம் போலத் தெரியும். அதற்குக் கல்ச்சர் தேவையில்லை. எண்ணெய் ஊற்றாத எஸ்டிஏவில் (சபோரோ டெக்ஸ்ட்ரோஸ் அகர், பூஞ்சைக்கான வழக்கமான மீடியம்) தேமலின் ஈஸ்ட்டான மலசீசியா பொதுவாக வளரவும் வளராது.

இழை மாதிரி இருக்கிறது, நம்பலாமா?

தோல் செல்களின் விளிம்பில் கொழுப்புப் படிந்து வலை போலத் தெரிவதுதான் பெரிய ஏமாற்றுக்காரன். உற்றுப் பாருங்கள்: அந்த வலை செல்லின் எல்லையை ஒட்டியே வளைந்து வளைந்து போகும், அகலம் இடத்துக்கு இடம் மாறும். பூஞ்சை இழை செல் எல்லையை மதிக்காது. ஒரு செல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே அகலத்தில் ஓடும், நடுவே குறுக்குச் சுவர் இருக்கும், கிளையும் பிரியும். முடிவு செய்ய முடியாவிட்டால் ஸ்லைடை ஈரப் பஞ்சு வைத்த பெட்ரி பிளேட்டுக்குள் மூடி வைத்து மறுநாள் பாருங்கள். கொழுப்பு வலை கரைந்திருக்கும், இழை அங்கேயே நிற்கும்.

பஞ்சு நார் முறுக்கிக்கொண்டு தட்டையாக, குறுக்குச் சுவரே இல்லாமல் இருக்கும். கால்கோஃப்ளூவர் சைட்டினோடு செல்லுலோஸையும் பிடிக்கும் என்பதால் பஞ்சு நாரும் பளபளக்கும். பளபளத்தது என்பதற்காகப் பாசிட்டிவ் எழுதிவிடாதீர்கள். காற்றுக் குமிழிக்குக் கறுத்த தடித்த விளிம்பு இருக்கும். எண்ணெய்த் துளிகள் பல அளவில் இருக்கும், மொட்டு விடாது. கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டுக்கொண்டு வருபவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கருவிழிச் சுரண்டலில் ஈஸ்ட் போல உருண்டைகள் தெரிந்தால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருவிழிப் புண்: ஸ்லைடில் இருக்கிறது, பிளேட்டில் இல்லை; அல்லது பிளேட்டில் என்னென்னவோ இருக்கிறது

கருவிழிச் சுரண்டல் அளவில் மிகச் சிறியது; ஊசி முனையளவுகூட இராது. அதனால் இதில் நிகழும் பிழையைப் பின்னால் சரி செய்ய முடியாது, முன்னாலேயே தடுக்க வேண்டும்.

மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டபின் கண் மருத்துவர் கிமுரா ஸ்பாச்சுலாவாலோ 15ஆம் எண் பிளேடாலோ புண்ணின் அடியிலும் ஓரத்திலும் சுரண்டுவார். மேலே படிந்த சீழையும் சளியையும் மட்டும் எடுத்தால் பலனில்லை. ஒவ்வொரு சுரண்டலையும் தனித்தனியாகப் பயன்படுத்த வேண்டும்:

1. இரண்டு ஸ்லைடு: ஒன்று கேஓஹெச்சுக்கு, ஒன்று கிராம் ஸ்டெயினுக்கு. ஸ்லைடின் அடிப்பக்கத்தில் வைரப் பென்சிலால் முன்கூட்டியே வட்டம் போட்டு, மாதிரியை அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். வட்டம் இல்லாத ஸ்லைடில் இந்த அளவு மாதிரியைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.
2. பிளட் அகர், சாக்லேட் அகர், எஸ்டிஏ. அகரைக் கிழிக்காமல் ‘ப’ வடிவிலோ பிறை வடிவிலோ வரிசையாகத் தடவுங்கள்.
3. பிளட் அகரையும் சாக்லேட் அகரையும் 35 முதல் 37 டிகிரியில், எஸ்டிஏவை 28 முதல் 30 டிகிரியில் வையுங்கள். தினமும் பாருங்கள்.

தடவிய கோட்டின் மேல் வளர்ந்ததுதான் கணக்கு. கோட்டுக்கு வெளியே வந்த காலனி காற்றில் விழுந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மீடியத்தில் அதே பூஞ்சை கோட்டின் மேல் வந்தாலோ, ஒன்றில் வந்து ஸ்லைடிலும் இழை இருந்தாலோ நம்பலாம். ஃபியூசேரியம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பஞ்சாக எழும்பிவிடும். பிளட் அகரில் முதலில் தெரிவதும் உண்டு. பாக்டீரியா இல்லை என்று மறுநாளே அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

இழை நிறையத் தெரிந்தும் எஸ்டிஏ சுத்தமாக இருக்கிறதா? மீடியம் லேபிளை எடுத்துப் படியுங்கள். சைக்ளோஹெக்சமைடு என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அது படர்தாமரைப் பூஞ்சைகளுக்காகச் செய்த மீடியம். மற்ற பூஞ்சைகளை அமுக்குவதற்கென்றே அந்த மருந்தைச் சேர்க்கிறார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம், மியூக்கோரேல்ஸ், கிரிப்டோகாக்கஸ், சில கேண்டிடா எல்லாம் அதில் அடிபடும். ‘ஃபங்கல் மீடியம்தானே’ என்று ஒரே பாட்டிலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதால் தொலைந்துபோகும் பூஞ்சைகள் கொஞ்சமல்ல. கண், சதை, சிஎஸ்எஃப் (மூளைத் தண்டுவட நீர்), ரத்தம் ஆகியவற்றுக்கு, பாக்டீரியாவைத் தடுக்கும் குளோராம்ஃபெனிகால் மட்டும் சேர்ந்த எஸ்டிஏ போதும். தோல், நகம், முடிக்கு இரண்டிலும் ஒவ்வொன்று.

ஸ்லைடு முடிவை அந்த மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘குறுக்குச் சுவருள்ள நிறமற்ற இழைகள்’ என்பதோடு நிறுத்துங்கள். ஃபியூசேரியமா ஆஸ்பெர்ஜில்லஸா என்பதை இழையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழுப்பு நிறம் இருந்தால் அதை எழுதுங்கள், கர்வுலேரியா போன்ற நிறமுள்ள பூஞ்சைக்கு அது துப்பு. இனம் தெரிவது மருத்துவருக்கும் உதவும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013இல் முடிவு வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு, முக்கியமாக ஃபியூசேரியத்துக்கு, வோரிகோனசோல் மருந்தைவிட நடாமைசின் சொட்டு மருந்தே மேலாக நின்றது.

நடாமைசின் விட்டும் புண் விரிந்துகொண்டே போனால் பித்தியம் இன்சிடியோசத்தை நினையுங்கள். அது பூஞ்சையே இல்லை. தண்ணீரும் சேறும் உள்ள இடத்தில் வாழும் வேறொரு உயிரி. கேஓஹெச்சில் அகலமான, குறுக்குச் சுவர் அரிதான, நாடா போன்ற இழை. பிளட் அகரில் பஞ்சாக எழும்பாமல் தட்டையாக, அகருக்குள் இறங்கி, மெல்லிய இறகு போலப் பரவும். எஸ்டிஏவில் வித்து எதுவும் விடாது. ‘வித்து விடாத பூஞ்சை, இனம் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் போகும் கருவிழி மாதிரிகளில் இது ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. உறுதி செய்ய, காலனியோடு ஒட்டிய இலைத் துண்டுகளைக் கனிம உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, நீந்தும் வித்துகள் வெளியே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வசதியில்லை என்றால் சந்தேகத்தையாவது எழுதி அனுப்புங்கள். நடாமைசின் இலக்காகக் கொள்ளும் எர்கோஸ்டெரால் இதன் படலத்தில் கிடையாது. மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூக்குச் சதை: மவுண்டில் (நேரடி ஸ்லைடில்) அகல இழை, கல்ச்சரில் ஒன்றுமில்லை

மூன்று கேள்வி கேளுங்கள். சதை ஃபார்மலினில் வந்ததா? வந்திருந்தால் கல்ச்சருக்கு அது முடிந்த கதை. அறுவை அறையிலேயே இரண்டாகப் பிரித்து, ஒன்று ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு, மற்றது சுத்தமான சலைனில் நமக்கு என்று சொல்லி வைக்க வேண்டும். இரண்டு டப்பாவையும் நாமே லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டால் குழப்பம் குறையும்.

ஃபிரிட்ஜில் கிடந்ததா? மியூக்கோரேல்ஸ் (அந்த அகல இழைப் பூஞ்சை வகை) குளிரில் உயிர்ப்பை இழக்கும். மன்னார்குடியிலோ வேதாரண்யத்திலோ எடுத்த சதை பஸ்ஸில் தஞ்சாவூருக்கு வருவதென்றால் ஐஸ் பெட்டி வேண்டாம். உலராமல் சில துளி சலைன் விட்டு, வெயில் படாமல், அன்றைக்கே வந்து சேர்ந்தால் போதும்.

அரைத்தீர்களா? காசநோய் மாதிரியை அரைத்துப் பழகிய கை இதையும் அரைத்துவிடும். மியூக்கோரேல்ஸ் இழையில் குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாததால், ஓரிடத்தில் நசுங்கினால் உள்ளிருப்பது முழுவதும் வடிந்து இழையே செத்துவிடும். பிளேடால் 1 முதல் 2 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பாதி அகருக்குள் புதையும்படி அழுத்தி வையுங்கள். 30 டிகிரியில் ஒன்று, 37 டிகிரியில் ஒன்று. பிழைத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் பிளேட்டின் மூடியைத் தொடும்.

இத்தனையும் செய்த பின்னும் கல்ச்சர் வராமல் போவது இந்த நோயில் சகஜம். அதனால் மைக்ரோஸ்கோப் சொன்னதுதான் ரிப்போர்ட். 6 முதல் 25 மைக்ரான் வரை அகலம், சீரற்ற ஓரம், நாடா போல மடங்கல், செங்கோணத்தை ஒட்டிய கிளை: மியூக்கோர் வகை. 3 முதல் 6 மைக்ரான், சீரான அகலம், குறுக்குச் சுவர், 45 டிகிரிக் கிளை: ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரியான இழை. அழுத்திய மவுண்டில் கோணம் ஏமாற்றும், அகலம் அவ்வளவாக ஏமாற்றாது. அகல இழையைக் கண்டால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள். சில நாளிலேயே கண்ணும், அடுத்து மூளையும் போகும் நோய். 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு மியூக்கர்மைகோசிஸ் எனும் இந்த நோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

வளர்ந்தும் வித்து விடாமல் வெறும் வெள்ளைப் பஞ்சாகவே நிற்கிறதா? அபோஃபிசோமைசஸ் அப்படித்தான் செய்யும். விபத்துக் காயத்தில் மண் ஒட்டிய சதையிலிருந்து வந்தால் இன்னும் சந்தேகப்படலாம். அகரோடு ஒரு சிறு சதுரம் வெட்டி, துளி ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்த்த மலட்டு வடிநீரில் 37 டிகிரியில் வைத்துப் பட்டினி போட்டால், ஒரு வாரம் பத்து நாளில் வித்துப்பை விடும்.

எல்லாப் பிளேட்டிலும் ஒரே பூஞ்சை

வேறு வேறு நோயாளி, வேறு வேறு மாதிரி, ஆனால் ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் அதே பச்சைக் காலனி என்றால் அது ஆய்வகத்தின் பூஞ்சை. மாதிரி தடவாத ஒரு எஸ்டிஏ பிளேட்டை இன்குபேட்டரில் வைத்தால் மீடியம் குற்றவாளியா என்று தெரியும். இன்னொன்றை மேசையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் காற்று குற்றவாளியா என்று தெரியும். இந்தத் திறந்த பிளேட்டை மாதம் ஒரு முறை அதே இடத்தில் வைத்து எண்ணிக்கையை எழுதி வந்தால், மழைக்காலத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு உங்கள் அறைக்கே ஒரு கணக்கு கிடைக்கும்.

ஏசி ஃபில்டர், இன்குபேட்டரின் ரப்பர் விளிம்பு, அட்டைப் பெட்டிகள், ஈரம் கோத்த சுவர்: தேட வேண்டிய இடங்கள் இவைதான். அட்டைப் பெட்டியை ஆய்வகத்துக்குள் வைக்கவே கூடாது என்பது எங்கள் கட்சி. 70% ஆல்கஹால் பூஞ்சை வித்துகளிடம் அவ்வளவாகச் செல்லாது. 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். உலோகத்தை அரிக்கும் என்பதால் பிறகு தண்ணீரால் ஒரு முறை.

பழைய பிளேட்டில் காலனிகள் கோடு போட்ட மாதிரி, எறும்பு ஊர்ந்த தடத்தில் வந்திருந்தால் அது காற்றல்ல, மைட் எனும் சிற்றுண்ணி. ஒரு பிளேட்டிலிருந்து இன்னொன்றுக்கு வித்தைச் சுமந்துகொண்டு நடக்கும். பட்ட பிளேட் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போடுங்கள், காப்பாற்ற நினைக்காதீர்கள்.

லேமினார் ஃபுளோ பெஞ்ச் இருக்கிறதே என்று பூஞ்சைப் பிளேட்டை அதில் திறப்பவர்கள் உண்டு. அது பிளேட்டைக் காப்பாற்றும், காற்றை உங்கள் முகத்தில் அடிக்கும். பூஞ்சை வளர்ந்த ட்யூபைத் திறக்க இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினட்தான் வேண்டும். மூடியைத் திறந்து மோந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

மீடியம் உறையவில்லை, அல்லது நான்கு வார வளர்ப்பு முடியும் முன்பே காய்ந்துவிட்டது

எஸ்டிஏவின் பிஹெச் 5.6. அமிலத்தில் அகரை அதிக நேரம் கொதிக்க வைத்தால் அகரே உடைந்து கூழாக நிற்கும். லிட்டருக்கு 65 கிராம் பொடி, 121 டிகிரியில் 15 நிமிடம், அவ்வளவுதான். மிஞ்சிய பாட்டிலை மறுபடி மறுபடி உருக்குவதும் இதே வினைதான். குளோராம்ஃபெனிகால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். சூட்டைத் தாங்கும் என்பதால் ஆட்டோகிளேவுக்கு முன்பே சேர்க்கலாம்.

காய்வதற்குக் காரணம் மெல்லிய ஊற்று. 90 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 25 மில்லி வேண்டும். நீண்ட நாள் வைக்கும் தோல், நக மாதிரிகளுக்குப் பிளேட்டைவிட அகலவாய் ட்யூபில் சாய்வாக ஊற்றிய மீடியம் நல்லது. இன்குபேட்டரின் அடித்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, வாரம் ஒரு முறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அந்தக் கிண்ணமே பூஞ்சைப் பண்ணை.

‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்று புத்தகத்தில் இருப்பது 25 டிகிரியை மனதில் வைத்து எழுதியது. சித்திரை, வைகாசியில் நம் அறை 36, 37 டிகிரிக்குப் போகும். படர்தாமரைப் பூஞ்சை பலவும் அந்தச் சூட்டில் மெதுவாகும், உருவமும் மாறும். குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டரை 28 டிகிரியில் வையுங்கள். மின்சாரம் போய் வந்தபின் உள்ளே எத்தனை டிகிரி என்று அதன் திரையைப் பார்க்காமல் உள்ளே வைத்த தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

ரத்தத்தில் ஈஸ்ட்: ‘கலப்படமாக இருக்குமோ?’

இல்லை. ரத்தக் கல்ச்சரில் வந்த கேண்டிடாவை ஒருபோதும் கலப்படம் என்று ஒதுக்கக் கூடாது. சளியில் வந்த கேண்டிடா கிட்டத்தட்ட எப்போதும் வாயிலிருந்து வந்தது; அதை நிமோனியா என்று நம்பி மருந்து தொடங்க வைக்காதீர்கள். ஒரே பூஞ்சை, இரண்டு நேரெதிர் விதிகள்.

பெரியவருக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 3 மில்லி எடுத்துவிட்டு ‘வளரவில்லை’ என்பதில் பொருளில்லை. போதிய ரத்தம் எடுத்தாலும் உடலுக்குள் பரவிய கேண்டிடாவில் பாதியளவைத்தான் ரத்தக் கல்ச்சர் பிடிக்கும் என்பதை வார்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

ஜெர்ம் ட்யூப் சோதனை (கேண்டிடா ஆல்பிகன்ஸ் சீரத்தில் முளை விடுகிறதா என்று பார்ப்பது) குழப்பினால் இவற்றைப் பாருங்கள். அரை மில்லி சீரத்தில் மிக லேசாகத் தொட்ட காலனி. கலங்கலாக்கினால் முளை வராது. 37 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மூன்றைத் தாண்டினால் கேண்டிடா டிராபிகாலிசும் நீட்டிக் காட்டும். முளை தொடங்கும் இடத்தில் இடுப்புப் போலச் சுருக்கம் இருந்தால் அது போலி இழை, முளையல்ல. தெரிந்த ஆல்பிகன்ஸ் ஒன்றும் டிராபிகாலிஸ் ஒன்றும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட வேண்டும்.

ஜெர்ம் ட்யூப் இல்லை, கார்ன்மீல் அகரில் போலி இழை இல்லை, ஃப்ளூகோனசோலுக்கு மசியவில்லை, அனுப்பிய இடத்தில் இனம் சொல்லும் மெஷினோ ‘கேண்டிடா ஹீமுலோனி’ என்கிறது. அல்லது இளஞ்சிவப்பே இல்லாத காலனியை ‘ரோடோடோருலா’ என்கிறது. இது கேண்டிடா ஆரிஸ் ஆக இருக்கலாம். 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறது. பழைய மென்பொருளில் அதன் பெயரே இல்லாததால் மெஷின் பக்கத்தில் இருப்பதைச் சொல்லிவிடும். 42 டிகிரியில் ஒரு ட்யூப் வையுங்கள்: ஆரிஸ் வளரும், ஹீமுலோனி வளராது. ஆல்பிகன்சும் அந்தச் சூட்டில் வளரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஐசியுவுக்கு உடனே சொல்லுங்கள். கட்டிலையும் மானிட்டரையும் குவாட்டர்னரி அமோனியம் கரைசலால் துடைத்தால் இது பெரும்பாலும் அசராது, குளோரின் கரைசல் வேண்டும்.

சிஎஸ்எஃப்: இந்தியா இங்க் நெகட்டிவ், நோயாளி நிலைமை மோசம்

அரை மில்லி சிஎஸ்எஃப்பில் கிரிப்டோகாக்கஸ் (மூளை உறையைத் தாக்கும், உறையுள்ள ஈஸ்ட்) தேடுவது வீண். 3 முதல் 5 மில்லி கேளுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுற்றி, அடியில் படிந்ததை எடுத்து இந்தியா இங்க் மை போடுங்கள்; கறுத்த பின்னணியில் உறை வெளிறித் தெரியும். கவர்ஸ்லிப்புக்கு அடியில் தினத்தாள் எழுத்து மங்கலாகப் படிக்க முடிய வேண்டும், அதுதான் மையின் அடர்த்தி. கெட்டியான மை உறையையும் மறைத்துவிடும். மைப் பாட்டிலிலேயே ஏதாவது வளர்வதும் உண்டு. வெறும் மையை ஒரு ஸ்லைடில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

லிம்ஃபோசைட்டைச் சுற்றியும் ஒளிவட்டம் தெரியும். அதன் ஓரம் கலங்கியிருக்கும், மொட்டு இராது. கிரிப்டோகாக்கஸ் உறையின் ஓரம் வெட்டியது போலக் கூர்மையாக இருக்கும். உள்ளே ஈஸ்ட், குறுகிய கழுத்தில் ஒரு மொட்டு.

ஆன்டிஜென் ஸ்டிரிப் இருந்தால் அதையும் போடுங்கள், மையைவிட நன்றாகப் பிடிக்கும். மையில் நிறைய இருந்தும் ஸ்டிரிப் நெகட்டிவ் என்றால் ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருக்கிறது என்று பொருள். நீர்த்து மறுபடி போடுங்கள், கோடு வரும். சிகிச்சைக்குப் பிறகும் ஸ்டிரிப் பல மாதம் பாசிட்டிவாகவே நிற்கும். குணமாகிறதா என்பதைக் கல்ச்சரை வைத்துத்தான் சொல்ல முடியும். பேயெள்ளு அகரில் பழுப்பாக வரும் காலனி இனத்தைக் காட்டிவிடும்.

காலாக்டோமானன் வந்தது, என்ன செய்வது?

இது ஆஸ்பெர்ஜில்லசின் செல்சுவர்ப் பொருள். சீரத்தில் இதன் குறியீடு 0.5க்கு மேல் இருந்தால் ஆஸ்பெர்ஜில்லசுக்குச் சாதகம், ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். மியூக்கோர் நோயில் இதுவும் பீட்டா-டி-குளூக்கனும் (பல பூஞ்சைகளின் செல்சுவர்ப் பொருள்) நெகட்டிவாகவே வரும். இரண்டும் இல்லை என்பதால் ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதினால் மூக்குச் சதைக்காரர் தப்பமாட்டார். டயாலிசிஸ் படலமும் காயத்தில் வைத்த காஸ் துணியும் பீட்டா-டி-குளூக்கனைப் பொய்யாக ஏற்றும்.

வயலில் வேலை பார்ப்பவரின் பாதம், துளை துளையாகச் சீழ், மாவு போன்ற மணிகள்

மதுரைக் கால் என்று பெயர் வாங்கிய மைசிடோமா. முதல் கேள்வி: பூஞ்சையா, ஆக்டினோமைசீட் பாக்டீரியாவா? சிகிச்சை இரண்டுக்கும் வேறு. துளை மேல் ஈரக் காஸ் துணியை இரவு முழுக்கக் கட்டி வைத்து, காலையில் அதில் ஒட்டிய மணிகளை எடுத்துச் சலைனில் பல முறை கழுவுங்கள். ஒன்றை நசுக்கிக் கேஓஹெச், ஒன்றைக் கிராம் ஸ்டெயின், ஒன்றை 1% கந்தக அமிலத்தால் நிறம் நீக்கும் மாற்று ஜீல்-நீல்சன் சாயம். இழை 2 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தால் பூஞ்சை. 1 மைக்ரானை ஒட்டி மெல்லிதாக, கிராம் பாசிட்டிவாக இருந்தால் பாக்டீரியா. குளோராம்ஃபெனிகால் சேர்த்த எஸ்டிஏவில் மட்டும் போட்டால் இரண்டாவது வகை வளரவே வளராது. மருந்து சேர்க்காத எஸ்டிஏவும் பிளட் அகரும் கூட வேண்டும்.

இனம் கண்டறிய மருத்துவக் கல்லூரிக்கோ சண்டிகர் பிஜிஐ போன்ற மையத்துக்கோ அனுப்புவதானால் பிளேட்டாக அனுப்பாதீர்கள். வழியில் மூடி நகரும், வித்து பறக்கும். திருகு மூடி ட்யூபில் சாய்வு மீடியத்தில் எடுத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உடையாத இரண்டாவது டப்பாவில் பஞ்சோடு வைத்து, அதை வெளிப்பெட்டியில் போடுங்கள். சீட்டில் மாதிரி எங்கிருந்து எடுத்தது, நேரடி மவுண்டில் என்ன தெரிந்தது, எத்தனை நாளில் எந்த டிகிரியில் வளர்ந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். நேரடி மவுண்ட் ஸ்லைடையும் காய வைத்துக் கூடவே அனுப்பிவிடுங்கள்.